அளக்கத்தக்க வினைச்சொல்

‘உணர்வார்கள்’ என்று எழுதாதீர்கள் என்றார் டாக்டர் கூ சியூ லான்.
உணர்வதை யார் அளப்பது?
பட்டியலிடுவார்கள், விளக்குவார்கள், வரிசைப்படுத்துவார்கள்.
இவற்றை எழுதுங்கள், மதிப்பெண் போடலாம்.
கிறிஸ்தவக் கல்வி, முதுகலை, இரண்டாம் பருவம்.
தஞ்சோங் பூங்காவில் கடலுக்கு முதுகு காட்டிய வகுப்பறை.
நாற்பத்து மூன்று வயதில் நான்
‘விசுவாசிப்பார்கள்’ என்பதை அடித்துவிட்டு
‘மூன்று காரணங்களைக் கூறுவார்கள்’ என்று எழுதினேன்.

பத்தொன்பது வருடம் துறைமுகத்தில் போர்க்லிப்ட் ஓட்டியவன்.
இரண்டரை டன். அதற்கு மேல் ஏற்றினால்
பின்சக்கரம் தரையை விடும்.
எச்சரிக்கைப் பலகை எப்போதும் கண்ணெதிரே.
இங்கே அப்படி எதையும் யாரும் ஒட்டிவைக்கவில்லை.
நூலகத்தில் ஈரம் உறிஞ்சும் இயந்திரம் இரவெல்லாம் முனகும்.
வாளி நிரம்பினால் கொட்டுவது
உதவித்தொகை மாணவன் வேலை, அதாவது என் வேலை.
அடிக்குறிப்பு முப்பத்தொன்றில் தூங்கிப்போவேன்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட் முடித்துப்
புஷ்பம் போன் செய்வாள்.
“பசியாறிட்டீங்களா, பீஸ் கட்டிட்டேன்.”
இரண்டும் ஒரே மூச்சில்.

செய்முறைத் தேர்வு அக்கரையில், பாகான் டாலாமில்.
கடைவீட்டு மாடியில் ஓய்வுநாள் பள்ளி, கீழே டயர் கடை.
பதினோரு பிள்ளைகள்.
பாடம் மன்னிப்பு. நாற்பத்தைந்து நிமிடம்.
பின்வரிசையில், பிள்ளைகள் நாற்காலியில்
முழங்கால் நெஞ்சுக்கு வர உட்கார்ந்தார் டாக்டர் கூ,
மடியில் மதிப்பீட்டுப் படிவம்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
என் கைகளையும் பிள்ளைகளின் முகங்களையும்
குறித்துக்கொண்டிருந்தார்.

முதல் காரணம் சொன்னேன். இரண்டாவதும் சொன்னேன்.
ஜொவினா எழுந்தாள். கை தூக்கவில்லை.
“சார், மன்னிச்சா என் பஸ் காசு திரும்ப வருமா?
ரெண்டு வெள்ளி.”

யாரும் யஷ்வினைப் பார்க்கவில்லை.
பத்துப் பேரும் அத்தனை கவனமாகப் பார்க்காமல் இருந்ததில்
எனக்கும் தெரிந்துவிட்டது.
கீழே யாரோ சக்கரத்து ஆணி கழற்றும் சத்தம்.
வரும் என்றால் பொய்.
வராது என்றால் மூன்றாம் காரணத்தை என்ன செய்வது?
சட்டைப்பையில் இரண்டு வெள்ளி இருந்தது, கை போனது,
எடுக்கவில்லை.
கொடுத்திருந்தால் நான் யஷ்வினின் இடத்தில் உட்கார்ந்திருப்பேன்,
அவன் எங்கே உட்காருவான்?

“தெரியல, ஜொவினா.”
பின்சக்கரம் தரையை விட்ட மாதிரி இருந்தது.
“ஓ” என்று உட்கார்ந்தாள்.

பெர்ரியில் திரும்பும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்,
பதினேழாவது நிமிடம் என்ன நடந்தது?
ஆங்கிலத்தில் சொன்னேன்.
அந்தக் கேள்வி அங்கேயும் அதே எடைதான் இருந்தது.
ஜார்ஜ் டவுன் கிட்டே வரும்வரை தண்ணீரைப் பார்த்தார்.
பிறகு, “என் தம்பி எனக்கு
அரை வீடு தரவேண்டும்” என்றார்.
எதுவும் எழுதாமல் படிவத்தை இரண்டாக மடித்தார்.
அதற்குப் பிறகு பஸ்ஸில் மழையைப் பற்றிப் பேசினோம்.

இரண்டு வாரம் கழித்து, வருகைப் பதிவேட்டின் நடுவில்
நெகிழிப் பையில் முடிந்த சில்லறை.
ஒரு வெள்ளி இருபது காசு. பேர் இல்லை.
ஜொவினாவிடம் கொடுத்தேன்.
மேசைமேல் கொட்டி எல்லார் முன்னாலும் எண்ணினாள்,
ஐந்து காசு நாணயங்களைத் தனியாக அடுக்கி.
“இன்னும் எண்பது காசு” என்றாள்,
யாரையும் பார்க்காமல்.
யஷ்வின் ஜன்னல் கம்பியில் காய்ந்த பெயின்டைச் சுரண்டிக்கொண்டிருந்தான்.

அறிக்கையின் கடைசிக் கட்டம்:
கற்றல் விளைவு அடையப்பட்டதா?
ஆம். இல்லை. ஓரளவு.
ஓரளவில் கோடு போட்டு, பக்கத்தில்
அறுபது விழுக்காடு என்று எழுதி அனுப்பினேன்.
முதல் தடவையாகத் துல்லியமாக அளந்திருக்கிறேன்.

நேற்றுத் திரும்பி வந்தது. ஓரத்தில் பென்சிலில்,
அழிக்க எளிதாக, மெல்லிய எழுத்தில்,
‘எந்த வினைச்சொல்?’

இன்னும் பதில் எழுதவில்லை.
பருவம் முடிய ஒன்பது நாள் இருக்கிறது.
வாளி நிரம்பிவிட்டது, கொட்டிவிட்டு வருகிறேன்.